எடை மேடைச் சீட்டு: சிலைமான் ஷெட்டுல ஒரு பழைய ஃபைபர் போட்டு (படகு), 12 மாச நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது என் ஷெட்டுல நடந்தது. சிலைமான் தாண்டி ராமநாதபுரம் ரோட்டுல இருந்து உள்ள ஒரு கிலோமீட்டர்ல எனக்கு வெல்டிங் பட்டறையும் பக்கத்துல காலி தகர ஷெட்டும் இருக்கு. அதைக் கேட்டு வந்தவங்க ஒரு தாய்மாமாவும் மருமகனும். மாமா லாரி மெக்கானிக்கா இருந்து ஓய்வு வாங்கினவரு, மருமகன் வீட்ல இருந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்குற பையன். ரெண்டு பேருக்கும் தூண்டில் பைத்தியம், வைகை அணையில இருந்து மண்டபம் வரைக்கும் ராடு தூக்கிட்டு அலையுற ஆளுங்க. வாடகை போட்டுல போறதுக்குப் பதிலா சொந்தமா ஒண்ணு வேணும்னு தூத்துக்குடிப் பக்கம் ஒரு புரோக்கர் மூலமா 21 அடி ஸ்போர்ட் ஃபிஷிங் போட்டு ஒண்ண 1,75,000 ரூபாய்க்கு முடிச்சிட்டாங்க. நம்ம ஊர் ஃபைபர் வள்ளம் இல்ல இது, வெளிநாட்டுல செஞ்சது, நடுவுல ஸ்டீரிங் மேடை, ராடு சொருகுற ஹோல்டர், அடியில மூடின தரை, அதுக்குக் கீழ அலுமினிய பெட்ரோல் டேங்க். இன்ஜின் கிடையாது.

அவங்க போட்ட கணக்கு, ரெண்டு மாசம், 1,50,000 ரூபாய், தேய்ச்சு பெயிண்ட் அடிச்சு வயரிங் மாத்தி கடல்ல இறக்கிறது. நடந்தது 12 மாசம், இன்ஜினும் டிரெய்லரும் சேக்காம 4,60,000. ஏன் அப்படி ஆச்சுங்கிறதுதான் இந்தக் குறிப்பு. எனக்கு போட்டு பத்தி அப்ப ஒண்ணும் தெரியாது, ஆனா பட்டறையில எதையும் நோட்டுல எழுதி வைக்கிற பழக்கம் உண்டு, தேதியும் அளவும் அதுல இருந்து எடுத்ததுதான்.

பிப்ரவரி: பாத்ததும் பாக்காம விட்டதும்

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் சுத்திச் சுத்திப் பாத்திருக்காங்க. வெளி ஓடு நல்லா இருந்துச்சு, ஜெல்கோட், அதாவது ஃபைபர் மேல இருக்கிற வெளிப்பூச்சு, வெளுத்து சுண்ணாம்பு மாதிரி கையில ஒட்டினாலும் பெரிய வெடிப்பு இல்ல, ஒரு பக்கத்துல மட்டும் படகுத்துறையில இடிச்ச ஓட்டைய யாரோ புட்டி வெச்சு மூடியிருந்தாங்க. தரையில நடந்தா ரெண்டு இடத்துல லேசா அமுங்குச்சு. "மேல இருக்க பிளைவுட்டு மட்டும் போயிருக்கும், மாத்திக்கலாம்"னு புரோக்கர் சொன்னத நம்பிட்டாங்க.

லாரியில ஏத்தினப்ப வாடகை பேசுறதுக்காக டிரைவர் எடை மேடையில நிறுத்தினாரு. லோடோட 6,140 கிலோ, இங்க வந்து கிரேன் வெச்சு இறக்கிட்டு வெறும் லாரி 4,830. அப்ப போட்டு 1,310 கிலோ. அந்த மாடலோட கம்பெனி தாள மருமகன் போன்லயே வெச்சிருந்தாரு, அதுல இன்ஜின் இல்லாம, டேங்க் காலியா 930 கிலோன்னு இருக்கு. 380 கிலோ கூடுதல். இந்தக் கழித்தல் கணக்க அன்னைக்கு யாரும் போடல. சீட்டு மாமாவோட சட்டைப்பையில இருந்து வாடகை ரசீதோட சேர்ந்து ஃபைலுக்குப் போயிருச்சு.

மார்ச்: தரையத் தொறந்தப்ப

முதல் ரெண்டு வாரம் கழட்டுறதுதான். ஹோல்டர், கயிறு கட்டுற கிளீட், சீட்டு, ஸ்டீரிங் மேடை எல்லாத்தையும் ஸ்க்ரூ எடுத்துப் பிரிச்சப்ப ஒவ்வொரு ஸ்க்ரூவோடயும் டீ டிகாஷன் மாதிரி ஒரு தண்ணி வந்துச்சு. நான் வேடிக்கையாத்தான் நினைச்சேன். மாமா மட்டும் பேசாம ஒரு சின்ன சுத்தியல எடுத்துட்டு வந்து அமரத்துல, அதாவது இன்ஜின் தொங்குற பின்பலகையில, தட்டிக்கிட்டே போனாரு. மேல டங்கு டங்குன்னு கேட்டது, கீழ வர வர பொத்து பொத்துன்னு ஈரச் சாக்க அடிக்கிற மாதிரி ஆயிருச்சு. லாரி டயர தட்டிப் பாத்தே காத்து சொல்ற ஆளு, அவருக்கு அதுக்கு மேல விளக்கம் தேவைப்படல. உள்பக்கமா 6 எம்எம் ட்ரில் போட்டப்ப தூள் வரல, கறுப்பா களி வந்துச்சு.

தரைய நாலு துண்டா அறுத்துத் தூக்கினோம். கீழ நீளவாட்டுல ஓடுற ஸ்டிரிங்கர், அதாவது ஓட்டைத் தாங்குற விட்டம் மாதிரி, வெளிய ஃபைபர் தோல், உள்ள மரம். தோல் அப்படியே நிக்குது, உள்ள மரம் மக்கி கையால அள்ளுற மாதிரி இருந்துச்சு. இடைவெளியில ஊத்தியிருந்த மஞ்ச ஃபோம் மிதக்குறதுக்காக போட்டது, பிழிஞ்சா தண்ணி வடியுது. டேங்குக்கு அடியில அந்த ஈர ஃபோம் வருஷக்கணக்கா ஒட்டியே இருந்ததுல அலுமினியம் பொடிப் பொடியா ஓட்டை விழுந்திருந்துச்சு.

காரணம் நாங்க பிற்பாடு புரிஞ்சுக்கிட்டது இதான். ஃபைபர் மக்காது. ஆனா தரையிலயும் பின்பலகையிலயும் போட்ட ஒவ்வொரு ஸ்க்ரூவும் தோலத் தாண்டி மரத்துக்குள்ள இறங்குது, அந்த ஓட்டைய யாரும் சீல் பண்ணல, அலை தெறிக்கிற தண்ணியும் மழைத்தண்ணியும் அது வழியா சொட்டு சொட்டா உள்ள போயி வெளிய வர வழி இல்லாம அங்கயே கிடக்குது. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. எடையில மட்டும்தான் தெரியும்.

மாமா அன்னைக்கு சாயங்காலம் ஃபைலத் தேடி எடுத்து அந்தச் சீட்ட மருமகன் கையில குடுத்தாரு. "கழிச்சுப் பாரு மாப்ள." பையன் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

ஏப்ரல்: என்ன பண்றதுன்னு பேசினது

மூணு வழி இருந்துச்சு. ஒண்ணு, வந்த விலைக்குத் தள்ளிவிடுறது. ரெண்டாவது, பின்பலகைய மட்டும் மாத்திட்டு ஸ்டிரிங்கருக்கு மேல ரெண்டு லேயர் போட்டு மூடிடுறது, புரோக்கர் போன்ல சொன்ன யோசனையும் அதான். மூணாவது, உள்ள இருக்கிற அத்தனையையும் எடுத்துட்டு ஓட்ட மட்டும் வெச்சு புதுசா கட்டுறது.

ரெண்டாவத மாமா ஒத்துக்கல. மக்கின மரத்துக்கு மேல தோல் போட்டா தோல் மட்டும்தான் தாங்கும், கடல்ல அலை அடிக்கிறப்ப ஓடு உள்வாங்கி உள்வாங்கி வெடிக்கும், அதுவும் கரையில இருந்து 10 மைல் தள்ளின்னாரு. தள்ளிவிடுறதுக்கு மனசு வரல, அத மறைக்க வேண்டியதில்ல. மூணாவது வழிதான்னு ஆச்சு. என் கணக்குல இந்த முடிவு சரி, ஆனா அதுக்குண்டான பணத்தையும் காலத்தையும் அன்னைக்கு ஒரு தாள்ல எழுதியிருக்கணும். எழுதல. "பாத்துக்கலாம்"னு ஆரம்பிச்சாங்க.

மண்டபம் பக்கம் ஃபைபர் வேலை பாக்குற மேஸ்திரி ஒருத்தரக் கேட்டாங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், போட்டு கடலுக்குப் போகாதே, ஆளு சும்மாத்தான இருப்பாருன்னு நாங்க நினைச்சோம். அது தலைகீழ். தடைக்காலத்துலதான் எல்லாரும் போட்ட கரையேத்தி ரிப்பேர் பாப்பாங்க, மேஸ்திரிக்கு வருஷத்துலயே அப்பத்தான் மூச்சு விட நேரம் இருக்காது. "ஜூன் கடைசியில வாரேண்ணே, அதுவரைக்கும் உள்ள கை வெக்காதீங்க"ன்னாரு. கை வெச்சிட்டோம்.

மே: கத்திரி வெயில்ல ரெசின்

முதல்ல சுரண்டுற வேலை. பழைய ஃபோம், மரம், தரைன்னு எடுத்த எல்லாத்தையும் தராசுல போட்டோம், 580 கிலோ. அடுத்து கிரைண்டர்ல 36 நம்பர் ஃப்ளாப் டிஸ்க் போட்டு உள்பக்கத்த தேய்ச்சாங்க. ஃபைபர் தூசி மேல பட்டா அரிக்கிற அரிப்பு சொல்லி மாளாது. முகத்துக்கு கார்ட்ரிட்ஜ் மாஸ்க், முழுக்கை சட்டை, முடிச்சதும் பச்சத்தண்ணிக் குளியல், வெந்நி கூடாது, துவாரம் விரிஞ்சு தூள் உள்ள போகும்னு எங்களுக்குச் சொன்னாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து "தூசி என் வைக்கப்போர்ல விழுதுப்பா, மாடு தின்னுட்டு இருமுது"ன்னாரு. நியாயம்தான். அன்னைக்கே வேலைய நிறுத்தி தார்ப்பாய்ல கூடாரம் கட்டினோம், முதல் நாளே கட்டியிருக்கணும்.

அப்புறம் மூணு தப்பு வரிசையா.

முதல் தப்பு சூடு. பாலியஸ்டர் ரெசின், அதாவது ஃபைபர் இழை விரிப்பான மேட்ட நனைச்சு ஒட்டுற பிசின், தானா இறுகாது, கோபால்ட் கலந்த ரெசின்ல கேட்டலிஸ்ட் ஊத்தினாத்தான் இறுகும், அளவு எடைக்கு 1ல இருந்து 2 சதவீதம். மருமகன் 2 சதவீதம் போட்டு ஒரே வாளியில ஒன்றரை கிலோ கலக்கினாரு, பகல் 11 மணி, ஷெட்டுக்குள்ள 39 டிகிரி. பிரஷ்ஷ எடுத்து ஒரு மேட் நனைக்கிறதுக்குள்ள, ஆறு ஏழு நிமிஷத்துல, வாளியில இருந்தது ஜெல்லி ஆகி, அப்புறம் புகைய ஆரம்பிச்சிருச்சு. இறுகுறப்ப ரெசின் தானே சூடு வைக்கும், ஆழமான வாளியில அந்தச் சூடு வெளிய போக வழி இல்ல, சூடு கூடக் கூட இன்னும் வேகமா இறுகும். நல்ல வேளையா மாமா குச்சியில வாளியக் கோத்துத் தூக்கி வெளிய மணல்ல வெச்சாரு, பக்கத்துல அசிட்டோன் டின் இருந்துச்சு.

அதுக்கு மேல வேலை நேரம் காலையில 5ல இருந்து 8 வரைக்கும்னு மாத்தினோம். ஒரு தடவைக்கு 400 கிராம், வாளி வேணாம், அகலமான பிளாஸ்டிக் தட்டு. கேட்டலிஸ்ட்ட 1 சதவீதத்துக்குக் கீழ கொண்டு போகல, ஏன்னா ரொம்பக் குறைச்சா மேல காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள முழுசா இறுகாம கடைசி வரைக்கும் நோஞ்சானா நிக்கும். இந்த இடத்துல இன்னொண்ணு. ரெசின் கடைக்காரர் எங்கள நிக்க வெச்சு சொன்னது, கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேரா ஒண்ணா ஊத்தவே கூடாது, வெடிக்கும், முதல்ல கோபால்ட்ட ரெசின்ல நல்லா கலக்கி முடிச்சுட்டுத்தான் மத்தது. கேட்டலிஸ்ட் கண்ணுல தெறிச்சா பார்வையே போகும், கண்ணாடி போடாம பாட்டிலத் தொறக்காதன்னாரு. அதுக்கப்புறம் மாமா ரெண்டையும் ஒரே அலமாரியில கூட வெக்க விடல.

ரெண்டாவது தப்பு தெர்மாகோல். ஸ்டிரிங்கருக்கு உள்ள வடிவம் குடுக்க மட்டும் ஒரு கட்டை வேணும், பலம் மேல போடுற ஃபைபர்லதான். மீன் பெட்டி தெர்மாகோல அழகா வெட்டி வரிசையா வெச்சு மேல ரெசின் தடவினாங்க. ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன் தெர்மாகோல கரைச்சிரும். கண்ணு முன்னாடியே வெல்லம் மழையில நனைஞ்ச மாதிரி உக்காந்துருச்சு. பிறகு கோல்ட் ஸ்டோரேஜ் பிரிச்ச இடத்துல இருந்து பஃப் பேனல் துண்டு வாங்கினோம், அது பியூ (பாலியூரித்தேன்) ஃபோம், ரெசினுக்கு அசையாது.

மூணாவதுதான் பெரிய தப்பு, அது ஜூன்லதான் தெரிஞ்சுது.

ஜூன்: மேஸ்திரி வந்து உரிச்சது

ஜூன் 20க்கு மேல மேஸ்திரி வந்தாரு. நாங்க பெருமையா காட்டின புது ஸ்டிரிங்கர் ஓரத்துல ஒரு ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பினாரு. ஒன்றரை அடி நீளத்துக்கு தோசையத் திருப்புற மாதிரி வந்துருச்சு. கீழ பழைய சாம்பல் கலர் பெயிண்ட் அப்படியே பளபளன்னு இருக்கு. மூலை முடுக்குல கிரைண்டர் போகாத இடத்துல பெயிண்ட அப்படியே விட்டுட்டு தின்னர்ல துடைச்சுட்டு மேல போட்டிருந்தோம்.

"அண்ணே, காஞ்ச ஃபைபரும் பச்ச ஃபைபரும் ஒண்ணாக் கரைஞ்சு போகாது. பழசுக்குப் பல்லு இருந்தாத்தான் புதுசு கடிக்கும்" அப்படின்னாரு. ரெண்டு வார வேலை போச்சு. மருமகனுக்கு முகம் செத்துப் போச்சு, மாமா மட்டும் "கடலுக்குள்ள உரியாம ஷெட்டுல உரிஞ்சுதேப்பா"ன்னாரு.

அதுல இருந்து ஒரு விதி வெச்சோம். எந்த இடத்துலயும் வேலைக்கு முன்னாடி உள்ளங்கை அளவு ஒரு துண்டு ஒட்டி, மறுநாள் பிளையர் போட்டு இழுக்கிறது. இழை கிழிஞ்சு வந்தா மேல்வேலைய ஆரம்பிக்கலாம். சுத்தமா உரிஞ்சு வந்தா மறுபடி தேய்க்கணும். மொத்தம் 14 துண்டு போட்டோம், 3 உரிஞ்சுச்சு. அந்த இடிச்ச ஓட்டையையும் மேஸ்திரி புட்டிய நோண்டி எடுத்துட்டு, ஓடு 5 எம்எம் கனம்னா ஓட்டையச் சுத்தி 60 எம்எம் தூரத்துக்கு சரிவா தேய்ச்சு, அதாவது 12 மடங்கு, அப்புறம் சின்னதுல இருந்து பெருசா வட்டம் வட்டமா மேட் அடுக்கி மூடினாரு. சும்மா ஓட்டைக்குள்ள அடைச்சா மூடி மாதிரி ஒரு நாள் கழண்டு விழும்.

புதுசா மறுபடி ஸ்டிரிங்கர் போடுறதுக்கு முன்னாடி இன்னொண்ணு நடந்துச்சு. எனக்கு காம்பவுண்டு சுவர் கட்ட வந்திருந்த கொத்தனார் டீ குடிச்சுக்கிட்டே போட்டப் பாத்துட்டு "அண்ணே, இது நடுவுல தொங்குதே"ன்னாரு. அவரோட தண்ணி டியூப்ப வாங்கி அணியத்துல, அதாவது முன்முனையில, இருந்து அமரம் வரைக்கும் அடிப்பகுதிய மட்டம் பாத்தோம். நடுவுல 11 எம்எம் இறக்கம். உள்ள இருந்த விட்டத்தையெல்லாம் எடுத்தாச்சு, ஓடு வெறும் தோலா நாலு லாரி டயர் மேல மூணு மாசமா கிடக்கு, இறங்காம என்ன பண்ணும். அப்படியே ஸ்டிரிங்கர் போட்டிருந்தா அந்தத் தொங்கல் காலத்துக்கும் நிலைச்சிருக்கும், ஓட்டுறப்ப அணியம் ஆடிக்கிட்டே இருக்கும்னு மேஸ்திரி சொன்னாரு. நான் ஆங்கிள்ல ஒம்போது இடத்துல தாங்குற மாதிரி தொட்டில் வெல்டு பண்ணேன், ஜாக்கி வெச்சு நாலு நாள் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி 2 எம்எம்முக்குள்ள கொண்டு வந்தோம். இந்த மொத்த வேலையிலயும் ரொம்ப உருப்படியான ஆலோசனை ஒரு கொத்தனார்கிட்ட இருந்து வந்ததுங்கிறத எழுதாம விட முடியாது.

ஜூலை: பின்பலகை

பழைய பின்பலகை 38 எம்எம் கனம். ஆசாரி ஒருத்தர் தேக்கு போடலாம்னாரு, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தேக்குல எண்ணெய்ப்பசை, ரெசின் சரியாப் பிடிக்காது, அதுபோக முழு மரம் ஈரத்துக்கு ஊதிச் சுருங்கும், மேல இருக்கிற ஃபைபர வெடிக்க வெக்கும். அதனால 12 எம்எம் மரைன் பிளைவுட் மூணு அடுக்கு ஒட்டி 36, நடுவுல மேட்டோட சேர்த்து 38க்கு வந்துரும்.

பிளைவுட்டுல ஐஎஸ் 710ங்கிற மரைன் பிளைவுட் தர முத்திரை போட்டது எல்லாம் உண்மை இல்லங்கிறது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சது. அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிக்க வெச்சாலும் பிரியக் கூடாது. மாமா ரெண்டு கடையில இருந்து துண்டு வாங்கி நெல் அவிக்கிற அண்டாவுல போட்டு விறகு வெச்சு மூணு ராத்திரி மூணு பகல் அவிச்சாரு. அத்தை திட்டினது தனிக்கதை. ஒண்ணு ரெண்டாம் நாளே புஸ்தகம் மாதிரி விரிஞ்சுச்சு, ரெண்டுலயும் ஒரே முத்திரைதான். விரியாத கடையில வாங்கினோம்.

பலகைய பழைய வெளித்தோல்ல ஒட்ட எப்பாக்ஸி போட்டோம், பழைய பாலியஸ்டர் மேல எப்பாக்ஸி நல்லாப் பிடிக்கும்னு. ஒட்டினது கல்லு மாதிரி நின்னுச்சு. ஆனா அதுல ஒரு வினை இருந்துச்சு. எப்பாக்ஸி மேல பாலியஸ்டர் ஒட்டுறது அம்புட்டு நம்பிக்கையா இருக்காது, மேல் விளிம்புல வழிஞ்ச எப்பாக்ஸி மேல அடிச்ச ஜெல்கோட் வாரக்கணக்குல பிசுபிசுன்னே நின்னுச்சு. சுரண்டிட்டு அந்த இடத்துக்கு மட்டும் ரெண்டு பாட்டில் கலக்குற பியூ பெயிண்ட் அடிச்சோம். பக்கத்துல நின்னு பாத்தா கலர் வித்தியாசம் இன்னைக்கும் தெரியும்.

ஆடியும் அதுக்கப்புறமும்

தரை, டேங்க், வயரிங் எல்லாம் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. புது டேங்க, சோப்புத் தண்ணி தடவி லேசான காத்து அழுத்தம் குடுத்து குமிழி வருதான்னு பாத்தோம், வயர் எல்லாம் வெள்ளீயம் பூசினது, ஃபிட்டிங் 316 ஸ்டெயின்லெஸ். 304 விலை கம்மிதான், உப்புத்தண்ணியில சீக்கிரம் துருப்புள்ளி வெச்சிரும்.

மேல் பெயிண்ட ஆடியில அடிக்கப் போனதுதான் அறிவுகெட்ட வேலை. ஆடிக்காத்துல அம்மி பறக்குற ஊர்ல தகர ஷெட்டுக்குள்ள ஜெல்கோட் அடிச்சா என்ன ஆகும், செம்மண் தூள் மேல படிஞ்சு சொரசொரன்னு உப்புத்தாள் மாதிரி ஆச்சு. ஒரு பக்கம் அடிச்சதோட நிறுத்தி, காத்து ஓயுற வரைக்கும் காத்திருந்து, செப்டம்பர் கடைசியில தேய்ச்சுட்டு ரெண்டாம் தரம் அடிச்சோம். ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள முடிக்கணும்னு ஒரே ஓட்டம், ஈரக்காத்துல ரெசின் வேலையே சரியா வராது.

டிசம்பர்: கண்மாய்

கடலுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி தண்ணியில போட்டுப் பாக்கணும். மழைக்கு எங்க ஊர் கண்மாய் நிறைஞ்சிருந்துச்சு. ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டோம், "இன்ஜின் போடக் கூடாது, மீனுக்கு எண்ணெய் விடக் கூடாது"ன்னு ரெண்டு கட்டுப்பாடு, சரின்னு சொல்லி டிராக்டர்ல டிரெய்லரக் கட்டி கரையில இறக்கினோம். பள்ளிக்கூடம் விட்டு பாதிப் பிள்ளைங்க அங்கதான்.

இன்ஜின் எடைக்கு ஈடா அமரத்துல மணல் மூட்டை 190 கிலோ கட்டி நாலு மணி நேரம் விட்டோம். உள்ள 2 லிட்டர் தண்ணி. வடிகால் பிளக் தகட்டோட ஸ்க்ரூவுல இருந்து வந்துச்சு, பழைய போட்ட அழிச்ச அதே வழி. நாங்களும் அவசரத்துல அந்த நாலு ஸ்க்ரூவ நேரா பலகையிலயே முடுக்கியிருந்தோம். மத்த ஓட்டையெல்லாம் பெருசாப் போட்டு, கெட்டி ரெசின் அடைச்சு, காஞ்ச பிறகு அந்த ரெசினுக்குள்ளயே சின்ன ஓட்டை போட்டு முடுக்கினது, அதனால தண்ணி ஸ்க்ரூ வழியா வந்தாலும் மரத்தத் தொடாது. அந்த நாலையும் அப்படியே திருப்பிப் பண்ணோம். அடுத்த வாரம் எட்டு மணி நேரம் மிதக்க விட்டு, துணி போட்டுத் துடைச்சுப் பாத்தோம், காஞ்சு இருந்துச்சு.

பிப்ரவரி: தென்கடல்

பதிவு, பேப்பர் வேலைகள முடிச்சிட்டு மண்டபத்துல தென்கடல் பக்கம் இறக்கினாங்க. வாடைக்காத்து காலத்துல வடகடல் கொந்தளிக்கும், தெக்க அமைதியா இருக்கும். மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவும் 1986லயே கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சது, அதுக்குள்ள போகாம இருக்க மருமகன் ஜிபிஎஸ்ல முன்னாடியே கோடு போட்டு வெச்சிருந்தாரு. வர்ற வழியில அதே எடை மேடையில நிறுத்தினோம். இன்ஜின் இல்லாம 985 கிலோ. கம்பெனி தாள விட 55 கூட, நாங்க போட்ட ஃபைபர் கொஞ்சம் கனம்தான், ரெசின அள்ளி ஊத்துற கைப்பழக்கம் எங்களுக்கு கடைசி வரைக்கும் போகல. மேட் ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம்னா ரெசின் ஒரு கிலோ போதும், நாங்க ஒன்றரை வரைக்கும் போயிருக்கோம்.

முதல் நாள் ஒரு பாரை, வேற ஒண்ணும் இல்ல. போட்டு நேரா போச்சு, அணியம் ஆடல.

மறுபடி பண்ணா என்ன மாறும்

வாங்குறதுக்கு முன்னாடியே எடை. லாரியில ஏத்தித்தான் தெரியணும்னு இல்ல, டிரெய்லர்ல இருந்தா பக்கத்து எடை மேடைக்கு இழுத்துட்டுப் போனாப் போதும், சில நூறு ரூபாய் செலவு. அந்த 380 கிலோ அன்னைக்கே கண்ணுல பட்டிருந்தா விலைய பாதியாக் கேட்டிருக்கலாம், இல்ல வேணாம்னு திரும்பியிருக்கலாம். வித்தவர் ட்ரில் போட விடலன்னா அதுவே பதில்னு மாமா சொல்றாரு, நான் அவ்வளவு கண்டிப்பாச் சொல்ல மாட்டேன், ஆனா சுத்தியலால தட்டுறத யாரும் தடுக்க முடியாது.

தொட்டில் கட்டாம உள்ள ஒரு ஸ்க்ரூவக் கூட தொடக் கூடாது. மேஸ்திரி "வர்ற வரைக்கும் கை வெக்காதீங்க"ன்னு சொன்னா கை வெக்காம தேய்ச்சுக்கிட்டே இருந்திருக்கணும், தேய்க்கிறதுக்கு வேணும்கிற வேலை இருந்துச்சு. பெயிண்ட் வேலைக்கு ஆவணி கடைசிதான். மே மாசத்தையே காலண்டர்ல இருந்து எடுத்திரலாம், வெயில் ஏறுறதுக்குள்ள மூணு மணி நேரம்தான் கிடைக்குது, அதுக்கு ரெண்டு ஆள் எந்திரிச்சு வந்து போறது வீண்.

பணத்துல, போட்டு வாங்கின விலையும் சேத்து ஆன அதே 6,35,000 ரூபாய்க்கு நல்ல நிலைமையில இருக்கிற பழைய போட்டு ஒண்ணு தேடினாக் கிடைச்சிருக்கும்னு மருமகன் ஒத்துக்கிறாரு. மாமா ஒத்துக்க மாட்டேங்கிறாரு. இதுல நான் தலையிடல.

இப்போ

மூணு மாசம் ஓடின பிறகு ஸ்டீரிங் மேடையோட பின் மூலையில முடி மாதிரி ஒரு வெடிப்பு ஜெல்கோட்ல வந்திருக்கு. தட்டிப் பாத்தா சத்தம் கெட்டியாத்தான் இருக்கு, மூலைய உருட்டாம கூர்மையா விட்டதுதான் காரணம்னு மேஸ்திரி போட்டோ பாத்துச் சொன்னாரு. மருமகன் அந்த வெடிப்போட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வெச்சிருக்காரு. இதுவரைக்கும் கோட்டைத் தாண்டல.